நூற்றுப்பதினாலாம் மூடி

ஊரில் எத்தனை சாக்கடை மூடி இருக்கிறது என்று யாரையாவது நிறுத்திக் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். அவளைக் கேட்டால், "எந்த வட்டத்துல?" என்று திருப்பிக் கேட்பாள். அவளுடைய வட்டத்தில் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அதில் அறுபதுக்கு மேல் தாருக்கு அடியில் புதைந்து போனவை. கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் விட்டுவிடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

கழிவுநீர் வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராகப் பதினெட்டு வருஷம். அலுவலகத்திலும் தெருவிலும் 'லைனம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் புருஷன் பள்ளிக்கூட பஸ் டிரைவர், வாயாடி. "கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு மாசம் நான் லைன் போட்டேன். அதுக்கப்புறம் ஆயுசு பூரா இவ லைன் பாத்துக்கிட்டு இருக்கா" என்று புதிதாக வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லுவான். பதினெட்டு வருஷமாக ஒரே நகைச்சுவை. அவளும் பதினெட்டு வருஷமாக, "தண்ணி வேணுமா, டீ வேணுமா?" என்று விருந்தாளியைப் பார்த்துக் கேட்டு அதை அமுக்கிவிடுவாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே அவள் ஒரு தகராறு செய்தாள். அடைப்பெடுக்க ஓர் ஆளை மேன்ஹோலுக்குள் இறக்கப் பார்த்தார்கள். "யாரும் இறங்கக் கூடாது. மெஷின் வரட்டும்" என்றாள். மெஷின் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். "ஆகட்டும்" என்று அந்த மூடியின் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளும் தெரு நாறியது. அவளைத் திட்டாத வாய் இல்லை. அன்று இறங்க இருந்த ஆள்தான் நெட்டையண்ணன். அன்றிலிருந்து அவர் அவளோடுதான் வேலை செய்கிறார். வாரியமே அவரை வேறு வட்டத்துக்கு மாற்றியபோதும், காய்ச்சல், முதுகுவலி என்று ஏதேதோ எழுதிக் கொடுத்துத் திரும்பி வந்துவிட்டார்.

தொற்று வந்த வருஷம் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பஸ் ஷெட்டுக்குள் போயிற்று, புருஷன் வீட்டுக்குள் வந்தான். சாக்கடைக்கு ஏது விடுமுறை? அவள் மட்டும் தினமும் காலையில் கிளம்பினாள். இரண்டாவது அலை தணிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட சமயத்தில், பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்து பொறியாளரைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி, தோளில் பை, இடுப்பில் கட்டிய ஸ்வெட்டர். "சாக்கடைத் தண்ணி வேணும்" என்றாள். பொறியாளர் லைனம்மாவைக் கூப்பிட்டு, "இந்த டாக்டருக்கு என்ன வேணுமோ குடுங்க" என்று அனுப்பினார்.

டாக்டர் என்றதும் நெட்டையண்ணன் தன் முதுகுவலியை எடுத்துவிட்டார். "நான் ஊசி போடற டாக்டர் இல்லண்ணே. வைரஸ் படிக்கிற டாக்டர்" என்றாள் அவள்.

வேலை இதுதான். பன்னிரண்டு இடங்களைக் குறித்திருந்தார்கள். திங்களும் வியாழனும் காலை ஏழிலிருந்து எட்டுக்குள், ஊரே எழுந்து கழிப்பறைக்குப் போகிற நேரத்தில், கம்பியின் நுனியில் பாட்டிலைக் கட்டி உள்ளே விட்டு அரை லிட்டர் எடுக்க வேண்டும். மேலே எண், நேரம் எழுதி ஐஸ் பெட்டியில் வைத்து, பத்து மணிக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

எதற்கு எடுக்கிறோம் என்று தெரியாமல் ஒரு வேலையைச் செய்ய லைனம்மாவுக்கு வராது. இரண்டாவது வாரமே ஆய்வகத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இதுல என்ன பாக்குறீங்க?" என்று நின்றுகொண்டாள்.

டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். நாலே நாலு எழுத்துகள் மாறி மாறி, முடிவே இல்லாமல் ஓடின.

"வைரஸ்ங்கிறது கிட்டத்தட்ட முப்பதாயிரம் எழுத்துள்ள ஒரு கடிதம்னு வச்சுக்கங்க. உடம்புக்குள்ள போய்த் தன்னைத்தானே நகல் எடுத்துக்கும். எடுக்கும்போது அங்கங்க ஒரு எழுத்து தப்பா விழும். அந்தத் தப்பு அதுக்கப்புறம் வர்ற எல்லா நகல்லயும் அப்படியே தொடரும். எந்தெந்தத் தப்பு இருக்குன்னு பாத்தா, இது எந்த வழியில வந்த ரகம்னு சொல்லிடலாம்."

"எங்க ஆபீஸ் மாதிரி" என்றாள் லைனம்மா. "ஒருத்தர் தப்பா எழுதினா இருபது வருஷம் அதே தப்பைப் பாத்துப் பாத்து எழுதுவாங்க."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து 'மேடம்' போய் 'அக்கா' வந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க மூக்குல எடுத்தா ஒரு ஆளோட வைரஸ்தான் தெரியும்க்கா. ஆஸ்பத்திரிக்கே வராதவங்க? காய்ச்சல் இல்லாதவங்க? மறைக்கிறவங்க? எல்லாரும் கக்கூசுக்குப் போய்த்தானே ஆகணும். சாக்கடை யாரையும் விடாது."

தன் சாக்கடையைப் பற்றி ஒரு படித்த பெண் இப்படி மரியாதையாகப் பேசி அவள் கேட்டதில்லை. அன்று வீட்டுக்கு வந்து புருஷனிடமும் பிளஸ் டூ படிக்கிற மகளிடமும் சொன்னாள். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, சாப்பிடறப்ப வேண்டாமே" என்றாள்.

நாலு மாதம் ஒன்றும் இல்லை. ஐந்தாவது மாதம் நூற்றுப்பதினாலாம் மூடியிலிருந்து எடுத்த பாட்டிலில் ஒரு புது ரகத்தின் தடம் தெரிந்தது. முதல் வாரம் மங்கலாக. இரண்டாம் வாரம் சந்தேகமில்லாமல். மூன்றாம் வாரம், அந்தப் பாட்டிலில் கிடைத்த துண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். மற்றப் பதினொரு இடத்திலும் இல்லை. ஊரில் எந்த ஆஸ்பத்திரி நோயாளியிடமும் இல்லை. தொலைவில் ஒரு துறைமுக நகரத்தில் இந்த ரகம் புகுந்து, பன்னிரண்டே நாளில் ஆஸ்பத்திரிகளை நிரப்பியிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை வந்து குணமானவர்களையும் அது விடவில்லை.

மறுநாளே வாரியத்தின் கூட்ட அறையில் எல்லாரும் கூடினார்கள். சுகாதார அதிகாரி, பொறியாளர், டாக்டர். லைனம்மா பின்வரிசையில், ஐஸ் பெட்டிக்கு அருகில். சுவரில் சாக்கடைப் படத்தை விரித்துக் காட்டினார்கள். நூற்றுப்பதினாலுக்கு வந்து சேருவது அச்சகத் தெருக்களின் தண்ணீர். ஒன்பது தெரு, நெருக்கிக் கட்டிய ஆயிரத்து நூறு வீடு. கையில் இருக்கிற பரிசோதனைக் கருவி இரண்டாயிரம்தான். அடுத்த லோடு வர எட்டு நாள். அதிகாரி முடிவெடுத்துவிட்டார்: நாளை மறுநாள் காலையில் ஒன்பது தெருவையும் தடுப்பு போட்டு மூடுவது, இருக்கிற கருவி அத்தனையும் அங்கேயே போட்டு எல்லாரையும் சோதிப்பது.

லைனம்மாவுக்கு நூற்றுப்பதினாலு என்றதும் எங்கேயோ உறுத்தியது. எட்டு வருஷத்துக்கு முன்பு, மேம்பாலத் தூணுக்குத் தோண்டும்போது பெரிய குழாய் உடைந்தது. மூன்று வாரம் முழங்கால் சேற்றில் நின்றாள். அச்சகத் தெருக்களின் தண்ணீரை ஆற்றோரப் பம்ப் ஹவுசுக்குத் திருப்பினார்கள். அங்கே கொள்ளாது என்று, ஏற்கெனவே அந்தப் பம்ப் ஹவுசுக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொரு லைனை நூற்றுப்பதினாலுக்குத் தள்ளிவிட்டார்கள். தற்காலிக ஏற்பாடு, அதனால் படத்தில் ஏறவில்லை. பிறகு பழையபடி மாற்றிவிட்டதாக ஃபைலில் இருக்கிறது. ஆனால் அந்தச் சமயத்தில் புருஷனுக்குக் குடலிறக்க ஆபரேஷன், அவள் விடுப்பில் இருந்தாள். மாற்றியதை அவள் கண்ணால் பார்க்கவில்லை.

கையைத் தூக்கினாள்.

"சார், அந்தத் தண்ணி அச்சகத் தெருவோடதுதானான்னு ஒரு தடவை பாத்துடலாமா?"

"படத்துலயே இருக்கேம்மா" என்றார் பொறியாளர்.

"படத்துல இருக்கு சார். மண்ணுக்குக் கீழ இருக்கான்னுதான் கேக்குறேன்."

யாரோ சிரித்தார்கள். பொறியாளர் முகம் சிவந்தது. "பழைய நிலைக்குக் கொண்டுவந்தாச்சுன்னு ஃபைல்ல கையெழுத்து இருக்கு. உக்காருங்க."

கூட்டம் முடிந்து நடைபாதையில் அவர் அவளை நிறுத்தினார். "உங்க நாத்தனார் வீடு அச்சகத் தெருவுலதானே? தெருவை மூடிடுவாங்கன்னு, தண்ணியையே வேற ஊருக்கு அனுப்பப் பாக்குறீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. நாத்தனார் வீடு அங்கேதான், மூன்றாவது தெருவில். ஆனால் அது அவள் நினைப்பிலேயே வரவில்லை. படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். டாக்டர் படிக்கட்டில் ஓடிவந்து பிடித்தாள்.

"அக்கா, எவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"பாதிக்குப் பாதி."

"நிரூபிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு காலைப்பொழுது போதும்."

"நாளைக்கு ஒரு காலைதான் இருக்கு. தப்பான இடத்துல கருவியெல்லாம் தீந்துட்டா, எட்டு நாள் போச்சு. எட்டு நாள்ல இது ஊர் பூராவும் போயிடும்."

லைனம்மா நேரே ஸ்டோருக்குப் போனாள். கசிவு பார்க்கத் தண்ணீரில் கலக்கும் சாயப்பொடி அங்கே பூட்டி வைத்திருக்கும். காய்ந்திருந்தால் செங்கல் நிறம், தண்ணீரில் பட்டால் கண்ணைப் பறிக்கிற பச்சை. "பொறியாளர் கையெழுத்து?" என்றார் ஸ்டோர்க்காரர். அவள் பேரேட்டை இழுத்துத் தன் கையெழுத்தைப் போட்டாள். 'காரணம்' என்ற கட்டத்தில், '114க்கு வரும் நீர் யாருடையது என்று அறிய' என்று எழுதினாள். ஸ்டோர்க்காரர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு இரண்டு பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். அதில் ஒன்றை அவள் மறுநாள் காலையில் கிளம்பும்போது தன் வீட்டுக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். ஏன் வைத்தாள் என்று தனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

காலை எட்டரைக்கு நெட்டையண்ணன் நூற்றுப்பதினாலைத் திறந்து, சுற்றிக் கூம்பு வைத்துவிட்டுக் காவல் நின்றார். அவள் அச்சகத் தெருவில் நாத்தனார் வீட்டு வாசலில்.

"என்ன அண்ணி, அதிசயமா காலங்கார்த்தால? உள்ள வாங்க. அண்ணன் வரலையா?"

"உன்னைப் பாக்க வரலம்மா. உன் கக்கூசைப் பாக்க வந்தேன்."

புருஷனின் தங்கைக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பொடியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் பீங்கான் முழுக்கப் பச்சை பொங்கியது. "ஐயோ, போன மாசம்தான் புதுசா வச்சோம்! கறை போகுமா அண்ணி?" என்று அலறினாள். "போகும், போகும். நாலு வாளி ஊத்து" என்று சொல்லிக்கொண்டே, லைனம்மா தானும் நாலு வாளி ஊற்றினாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு நூற்றுப்பதினாலுக்கு விரைந்தாள்.

அங்கிருந்து எழுநூறு மீட்டர். அரை மணியில் வந்துவிட வேண்டும். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. குழிக்குள் வழக்கமான சாம்பல் நிறத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டையண்ணன் குனிந்து குனிந்து பார்த்து, "நம்ம பச்சை வழியில டீ குடிக்க நின்னுடுச்சோ?" என்றார். அவள் சிரிக்கவில்லை.

பத்தேகாலுக்கு போன் அடித்தது. ஆற்றோரப் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். "லைனம்மா, இங்க தொட்டி கிளிப்பச்சையா இருக்கு! எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது?"

"நான்தான்" என்றாள். 

எட்டு வருஷமாக யாரும் எதையும் மாற்றவில்லை. அச்சகத் தெருக்களின் தண்ணீர் பம்ப் ஹவுசுக்குத்தான் போகிறது. பன்னிரண்டு இடத்தில் பம்ப் ஹவுசும் ஒன்று. அங்கே எடுத்த பாட்டில்கள் சுத்தமாக இருந்தன. ஆகவே அந்த ஒன்பது தெருவிலும் புது ரகம் இல்லை. அப்படியானால் நூற்றுப்பதினாலில் ஓடுவது யாருடைய தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். அன்று சேற்றில் நின்று திருப்பிவிட்ட அந்த இன்னொரு லைன், அரசு ஊழியர் குடியிருப்பின் லைன். ஆறு பிளாக், நூற்று நாற்பத்து நாலு வீடு. அவள் வீடு நாலாவது பிளாக், இரண்டாவது மாடி.

புருஷனுக்கு போன் போட்டாள்.

"என்னங்க, குளியலறை அலமாரில ஒரு பாக்கெட் இருக்கு. கக்கூசுல கொட்டி நாலஞ்சு வாளி தண்ணி ஊத்துங்க."

"என்னத்துக்கு?"

"நம்ம வீட்டுத் தண்ணி எங்க போகுதுன்னு பாக்கணும்."

 எத்தனை பேசினாலும் அவன் டிரைவர். வழி சொன்னால் ஊர் புரிந்துவிடும். "அங்க வந்துடுச்சுன்னா?" என்று கேட்டான்.

"வந்தா வந்ததுதான். ஊத்துங்க."

வரக் கூடாது என்றுதான் அவளுக்கு ஆசை. அதை ஒளிக்க என்ன இருக்கிறது? குழியின் விளிம்பில் உட்கார்ந்து, வராதே வராதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்தாவது நிமிடம், சாம்பல் தண்ணீரின் ஓரத்தில் ஒரு நூல் பச்சை ஓடியது. பிறகு கயிறு அளவு. பிறகு குழி முழுவதும்.

நெட்டையண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "நாம ரெண்டு பேரும்தான் பாத்திருக்கோம். மூடியைப் போட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது, லைனம்மா?" என்றார் மெதுவாக.

"அந்த டாக்டரோட பாட்டிலுக்குத் தெரியும்ணே. போன்ல படம் எடுங்க. நேரம் தெரியற மாதிரி எடுங்க."

பொறியாளரை அங்கேயே வரவழைத்தாள். ஜீப்பிலிருந்து இறங்கி வந்து குழிக்குள் பார்த்தார்.  திட்டப் போகிறார் என்று அவள் நிமிர்ந்து நின்றாள். "பழைய நிலைக்கு வந்தாச்சுன்னு அந்த ஃபைல்ல கையெழுத்து போட்டது நான்தான்" என்றார். "கான்ட்ராக்டர் முடிஞ்சுதுன்னான். நான் வந்து பாக்கல." கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வாங்க, அதிகாரிகிட்ட நானே சொல்றேன்." சொன்ன மாதிரியே சொன்னார். நேற்று நடைபாதையில் பேசியதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மாலை நாலு மணிக்குக் குடியிருப்பு வாசலில் தடுப்பு வந்து இறங்கியது. டாக்டர் அவளைத் தனியே அழைத்து, "அக்கா, நீங்க உள்ள போகாதீங்க. விருந்தினர் விடுதில ஒரு ரூம் சொல்லிட்டேன். முதல்ல உங்களைச் சோதிச்சுடறோம். இங்க வேலையும் நிக்காது" என்றாள்.

"வேலைக்கு நெட்டையண்ணன் இருக்காரு. நான் வெளிய நின்னுக்கிட்டு உள்ள இருக்கறவங்களைச் சோதிச்சுக்கச் சொன்னா, ஒரு கதவு திறக்காது" என்று சொல்லிவிட்டு, தடுப்பைத் தாண்டி உள்ளே போனாள்.

உள்ளே இருந்தபோதும் திறக்கவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்ற செய்தி அவளுக்கு முன்னாலேயே மாடி ஏறியிருந்தது. கீழ்வீட்டு பஸ் கண்டக்டர் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

"நல்லா இருக்கும்மா நீங்க செஞ்சது. சொந்த வீட்டுலயே சாயம் ஊத்தி எங்க தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்க. அந்த ஒன்பது தெருவை மூடினா உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அங்க இல்லண்ணே. இங்க இருக்கு."

"யாருக்கு இருக்கு? எனக்கு இருக்கா? உங்களுக்கு இருக்கா? சாக்கடை வந்து சொல்லுச்சா?"

"ஆமா" என்றாள். "சாக்கடைதான் சொல்லுச்சு."

அவர் கதவைச் சாத்திய சத்தம் ஆறு பிளாக்குக்கும் கேட்டது.

முற்றத்தில் மேசை போட்டு, முழுக் கவச உடையில் இரண்டு நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இறங்கவில்லை. ஜன்னல்களில் மட்டும் தலைகள். லைனம்மா புருஷனையும் மகளையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். அத்தனை ஜன்னலும் பார்க்க, மூக்கைக் காட்டினாள். மகள் கண்ணில் தண்ணீர் வரத் தும்மிவிட்டு, "இதுக்குச் சாக்கடையே தேவலாம்" என்றாள். அந்த நாளில் மூன்றே மூன்று குச்சிகள்தான் ஆய்வகத்துக்குப் போயின.

மறுநாள் காலையில் முடிவு வந்தது. அவளுக்கும் மகளுக்கும் இல்லை. புருஷனுக்கு இருந்தது.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "ஏம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். "மொட்டை மாடியில சீட்டு ஆடினோம்."

"சீட்டா? யாரு?"

"ஏழு பேர். மத்தியான நேரம். ஒரு மாசமா. வீட்டுக்குள்ளயே எத்தனை நாள்தான் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

பதினெட்டு வருஷமாக ஊரின் அடிவயிற்றில் என்ன ஓடுகிறது என்று பார்த்தவளுக்குத் தன் தலைக்கு மேலே நடந்தது தெரியவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவன் முகம் வெளிறிக் கிடந்தது. நாளைக்கு இவனுக்கு மூச்சு முட்டினால் என்று நினைத்ததும் அதை விட்டுவிட்டாள். "யார் யாருன்னு சொல்லுங்க. நான் போய்க் கதவைத் தட்டறேன்" என்றாள்.

"நீ தட்டினா திறக்க மாட்டாங்க. இரு."

முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனான். ஹாரன் அடித்துப் பழகியவன் குரல், கேட்கவா வேண்டும்?

"எல்லாரும் கேட்டுக்கங்க! எனக்கு வந்திருக்கு! என்கூட மாடியில சீட்டு ஆடின ஆறு பேரும் மரியாதையா கீழ இறங்கி மூக்கைக் காட்டிடுங்க. இல்லேன்னா ஒவ்வொருத்தர் பேரா நானே கூப்பிடுவேன். உங்க வீட்டுக்காரம்மாங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறவங்க சீக்கிரம் இறங்கறது நல்லது!"

 பிறகு மூன்றாவது பிளாக்கிலிருந்து ஒரு பெண்ணின் குரல், "ஏங்க! லைப்ரரி புக்கு மாத்தப் போறேன்னு சொன்னது இதுதானா?" என்று கிளம்பியது. எங்கிருந்தோ சிரிப்பு வெடித்தது. முதலில் ஒரு செருப்புச் சத்தம், பிறகு இன்னொன்று. அந்த ஆறு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே அவர்கள் வீட்டாட்கள். மத்தியானத்துக்குள் மேசைக்கு முன்னால் வெயிலில் நாற்பது பேர் வரிசை. லைனம்மா சுண்ணாம்பால் கட்டம் போட்டு, இடைவெளி விட்டு நிற்க வைத்தாள். சாயங்காலத்துக்குள் குடியிருப்பே இறங்கி முடித்துவிட்டது.

முப்பத்தேழு பேருக்கு இருந்தது. பாதிப் பேருக்குத் தும்மல்கூட இல்லை. கண்டக்டர் ஆறு நாளாகக் காய்ச்சலை மாத்திரை போட்டு மறைத்து வைத்திருந்தார். படிக்கட்டில் அவளோடு சண்டை போட்டபோதே மூச்சு வாங்கியதாம். விரலில் கருவியை மாட்டிப் பார்த்த நர்ஸ் உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். அதே வாரத்தில் முதல் பிளாக் போஸ்ட்மாஸ்டர், ஓய்வு பெற்றவர், ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் திரும்பவில்லை.

நாலாம் நாள் டாக்டர் போன் செய்தாள். முப்பத்தேழில் இருபத்தொன்பது பேருடைய வைரஸின் எழுத்துகளைப் படித்து முடித்திருந்தாள். "எல்லாம் அதே ரகம்க்கா. பாட்டில்ல பாத்த அதே தப்புகள். ஒரு எழுத்து பிசகல."

"யாருக்கு முதல்ல வந்துச்சுன்னு அந்த எழுத்து சொல்லுமா?"

"உறுதியா சொல்லாது. ஆனா யார் வீட்டுக்குப் பக்கத்துல யார் வீடுன்னு சேத்து வச்சா, சொல்ற மாதிரி ஜனங்க படிச்சுக்குவாங்க."

குடியிருப்பில் அந்தப் பேச்சு ஏற்கெனவே கிளம்பிவிட்டது. கண்டக்டர்தான் ஊரெல்லாம் சுற்றுகிறவர் என்று ஒரு கட்சி. நாற்றத்தில் நிற்கிற லைனம்மாதான் கொண்டுவந்திருப்பாள் என்று இன்னொரு கட்சி, அவளுக்கு இல்லை என்று தெரிந்த பிறகும்.

"அப்ப ரிப்போர்ட்ல வீட்டு நம்பரை எடுத்துட்டு எழுதுங்க" என்றாள். "கேக்கறவங்களுக்கு அரசு ஊழியர் குடியிருப்புன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள் டாக்டர்.

புது ரகம் அதோடு நின்றுவிடவில்லை. அடுத்த மாதம் வேறு வழியாக ஊருக்குள் வந்தது; பக்கத்து ஊர்களுக்கும் போனது. ஆனால் அதற்குள் இருபத்திரண்டு நாள் கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரிகளில் கட்டில் போட்டார்கள், ஆக்சிஜன் வந்து இறங்கியது, கருவி வந்தது. துறைமுக நகரத்தில் நடந்தது இங்கே நடக்கவில்லை. புருஷன் ஏழாம் நாள் எழுந்து உட்கார்ந்து, சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொன்னான். நாக்கில் ருசி போனதை வைத்து அவள் சமையலைக் குற்றம் சொல்கிறான் என்று மகள் அவனோடு மல்லுக்கு நின்றாள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே லைனம்மா சமையலறையில் சுவரோடு சாய்ந்து நின்று கொஞ்சம் அழுதாள்.

தடுப்பை எடுத்த அன்று போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. புருஷன், "இப்ப வேண்டாமே" என்றுகூடச் சொன்னான். போஸ்ட்மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்து, நாற்காலியைக் காட்டினார். 

"அவரை ஒரு வாரம் முன்னாடி கொண்டு போயிருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டருங்க பேசிக்கிட்டாங்க" என்றார் அந்த அம்மாள். "உனக்கு ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருக்குமா?"

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

"பாட்டில்ல மூணு வாரமா இருந்துச்சும்மா. படம் சரியா இருந்திருந்தா முன்னாடியே இங்க வந்து தேடியிருப்போம். எட்டு வருஷத்துக்கு முன்னாடி அதைப் பழையபடி மாத்தினாங்களான்னு நானும் போய்ப் பாக்கல. பாத்திருக்கணும்."

அந்த அம்மாள் முகத்தில் அடித்தது போல நிமிர்ந்தார். திட்டுவார் என்று லைனம்மா காத்திருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வேற எங்கயெல்லாம் இப்படித் தப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"தெரியலம்மா."

"போய்ப் பாரு."

 லைனம்மா வெளியே வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமையே பொறியாளர் முன்னால் போய் நின்றாள். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டையும் திறந்து, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சாயப்பொடி வேண்டும், மூன்று ஆள் வேண்டும் என்றாள். அவர், "எத்தனை மாசம் ஆகும் தெரியுமா?" என்றார். "தெரியும் சார். பதினாலு" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

பதினாறு மாதம் ஆனது. தாருக்கு அடியில் இருந்த அறுபத்துச் சொச்சத்தையும் உடைத்து எடுத்தார்கள். ஒன்பது இடத்தில் படம் ஒரு மாதிரியும் தரை ஒரு மாதிரியும் இருந்தது. ஒன்பதையும் படத்தில் ஏற்றும்போது, பார்த்தவர் என்ற இடத்தில் அவள் தன் கையெழுத்தைப் போட்டாள். பார்த்த தேதியையும் போட்டாள். கண்டக்டர் சம்சாரம் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தாள். கண்டக்டர் இன்னும் பேசவில்லை. ஆனால் மூச்சு வாங்க அவர் மாடிப்படியில் நிற்கிற நாட்களில், லைனம்மா பின்னால் வந்தால், ஓரமாக ஒதுங்கி வழி விடுவார்.